பெரியப்பா, ஆபரேஷன் வரைக்கும் நன்றாகச் சாப்பிடுங்கள்

அன்புள்ள பெரியப்பா,

தேதி குறித்தாகிவிட்டது என்று அண்ணன் சொன்னான். "குடலுக்கு ஓய்வு கொடுக்கிறேன்" என்று அரை வயிற்றோடு எழுந்துவிடுகிறீர்களாம். பெல்ட்டில் புது ஓட்டை வேறு போட்டாயிற்று, ஆள் இளைத்து அழகாகிவிட்டார் என்று பெரியம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குப் பக்கென்றது.

குடலில் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் தையலோ ஸ்டேப்பிளோ போட்டுச் சேர்ப்பார்கள். அது சர்ஜன் வேலை. ஒட்ட வேண்டியது உங்கள் உடம்பு. முதல் சில நாட்களில் அந்த இடத்தில் திசுவைப் பிடித்து வைக்கும் பழைய நார், அதாவது கொலாஜன், கரையும்; புதியது அப்புறம்தான் சேரும். அதுவரை இணைப்பைத் தாங்குவது பெரும்பாலும் தையல்தான். கொலாஜன் ஒரு புரதம். சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே தசை வற்றியவருக்கு இணைப்பு கசியும் ஆபத்து அதிகம். கசிந்தால் வயிற்றுக்குள் சீழ், இன்னொரு ஆபரேஷன். சளியை இருமித் துப்பக்கூடத் தசை வேண்டும், இல்லாவிட்டால் நிமோனியா.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1936-லேயே ஹிராம் ஸ்டட்லி என்ற அமெரிக்க சர்ஜன், அல்சர் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கணக்கெடுத்தார். முன்பே 20 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். மற்றவர்களில் அது 3.5 சதவீதம்தான்.

ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தாலே, அதாவது 70 கிலோ 63 ஆனாலே, டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிலைமை மோசமென்றால் 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம், புற்றுநோயாக இருந்தாலும் கூட, என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். தேதி தள்ளிப்போனால் கோபப்படாதீர்கள்.

புரதம் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம். முட்டை, பால், பருப்பு, மீன், எது இறங்குகிறதோ அது. ஒரே வேளையில் முடியாது, ஐந்தாறு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிட்னி கோளாறு இருந்தாலோ, குடல் சுருங்கி வாந்தி, வயிறு உப்பல் இருந்தாலோ மட்டும் கேட்காமல் எதையும் கூட்ட வேண்டாம். பல நாள் சரியாகச் சாப்பிடாதவர் திடீரென்று நிறையச் சாப்பிடுவதும் ஆபத்துதான்.

முந்தின ராத்திரியிலிருந்தே பட்டினி என்பதும் பழைய வழக்கம். இப்போது பெரும்பாலோருக்குத் திட உணவை 6 மணி நேரம் முன்னும் தண்ணீரை 2 மணி நேரம் முன்னும் நிறுத்தினால் போதும். உங்களுக்கு எப்படி என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள்.

நாளை காலை எடை பார்த்து எனக்கு அனுப்புங்கள். பழைய எடை ஏதாவது ஒரு டாக்டர் சீட்டில் இருக்கும், அதையும் தேடி எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்