பனி நோட்டும் தவளை நோட்டும்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் மார்ச் கடைசியில் பனி அளப்பு, ஜூலையில் ஏரித் தவளைக் கணக்கெடுப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலையை ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். சம்பந்தம் நிறையவே இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் பனியில் இறக்கி அளக்கும் குழாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் வாரமே அதில்தான் மாட்டிக்கொண்டு முழிப்பாய்.

அந்த அலுமினியக் குழாய்க்கு மூத்த வடிவம் மவுண்ட் ரோஸ் குழாய். ரீனோவில் நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் சர்ச் என்ற பேராசிரியர் செய்தது. பனி எத்தனை அடி கிடக்கிறது என்பது பெரிதில்லை, உருகினால் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கும் என்பதே கேள்வி என்று பிடித்துக்கொண்டவர் அவர். இன்றைய குழாயின் வெட்டுவாய்க்கு உள்விட்டம் 1.485 அங்குலம். கிறுக்குத்தனமான எண்ணாகத் தோன்றும். அந்த விட்டத்தில் ஒரு அங்குல உயரத் தண்ணீரின் எடை ஒரு அவுன்ஸ். அதனால் தராசிலேயே தண்ணீரை அங்குலமாகப் படித்துவிடலாம்.

போய்ச் சேர்ந்ததும் குழாயை நிழலில் பனிமேல் கிடத்தி ஆறவிடு. எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். வெயிலில் சூடான குழாய் குளிர்ந்த பனிக்குள் இறங்கினால், சுவரைத் தொட்ட பனி உருகி மறுபடி உறைந்து அடைத்துக்கொள்ளும். குழாய் கீழே போகும், பனி உள்ளே ஏறாது. ஆறியதும் வெறுங்குழாயின் எடையைக் குறித்துக்கொள். பிறகு நேர்குத்தாக இறக்கு. நடுவில் பனிக்கட்டி அடுக்கு தட்டினால் பிடியைப் போட்டு வலப்பக்கம் திருகி வெட்டு. ஓங்கி ஓங்கிக் குத்தாதே. தரை தட்டியதும் ஆழத்தைப் படி, இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகி ஒரு வில்லை மண்ணோடு எடு. மண் வரவில்லை என்றால் நீ தொட்டது தரை இல்லை. பாறையோ, விழுந்து கிடக்கும் மரமோ, அடியில் உறைந்த கட்டியோ. அந்த எண்ணை எழுதாதே, ஓரடி தள்ளிக் குத்து.

குழாயின் பக்கவாட்டுப் பிளவு வழியாக உள்ளே நிற்கும் பனியின் நீளம் தெரியும். 60 அங்குல ஆழத்துக்கு 54, 55 நின்றால் நல்லது. 40தான் நிற்கிறது என்றால் வழியில் அடைத்திருக்கிறது. தட்டிக் கொட்டிவிட்டுத் திரும்ப எடு. மண்ணைக் கத்தியால் சுரண்டி எறிந்து, அதன் நீளத்தை ஆழத்திலிருந்து கழி. தராசில் தொங்கவிடும்போது குழாய் காற்றுக்கு எதிர்முகமாக இருக்கட்டும். குறுக்கே நின்றால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். வெறுங்குழாய் 31, பனியோடு 55 என்றால் தண்ணீர் 24 அங்குலம். 60க்கு 24, அடர்த்தி 40 சதவீதம். இந்த வகுத்தலை அந்த இடத்திலேயே போட்டுப் பார். பக்கத்துப் புள்ளிகளெல்லாம் 40ஐ ஒட்டி இருக்க ஒன்று மட்டும் 28 என்று நின்றால் தப்பு பனியிடம் இல்லை, குழாயிடம். கூடாரத்துக்குத் திரும்பி வந்து கண்டுபிடித்துப் பயனில்லை.

இந்தக் குழாய் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஏறக்குறைய பத்து சதவீதம் வரை போகும். நீயாகக் கழித்து எழுதிவிடாதே. கலிபோர்னியாவில் 1930 முதல் இதே மாதிரிக் குழாயால் அளந்து வருகிறார்கள். ஒரே தப்பு வருடா வருடம் வந்தால் ஒப்பிடலாம், ஆளுக்கு ஆள் திருத்தினால் ஒன்றுக்கும் ஆகாது. ஏப்ரல் 1, 2015 அன்று மாநிலம் முழுக்கப் பனியிலிருந்த தண்ணீர் சராசரியில் 5 சதவீதம். 2023இல் இருமடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய ஊசலாட்டத்தை ஒரே அளவுகோலில் பார்க்க முடிகிறது என்றால், பழைய ஆட்கள் தங்கள் இஷ்டத்துக்கு எதையும் மாற்றாமல் விட்டதால்தான்.

இப்போது ஏரி. அங்கே உயரத்து ஏரிகளில் பெரும்பாலானவற்றில் மீனே இருந்ததில்லை. அருவிகளைத் தாண்டி ஏற முடியாது. தூண்டில்காரர்களுக்காக மனிதர்கள்தான் டிரவுட் மீனைக் கொண்டுபோய் விட்டார்கள், பின்னாளில் விமானத்திலிருந்தே கொட்டினார்கள். அங்குள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அது 1991இல்தான் நின்றது. நீ எண்ணப்போகும் மஞ்சட்கால் தவளையின் தலைப்பிரட்டை தவளையாக மாற அந்தக் குளிரில் இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அத்தனை வருடமும் வற்றாத, அடிவரை உறையாத ஆழ ஏரி அதற்கு வேண்டும். அந்த ஏரிகளில்தான் தலைப்பிரட்டையைத் தின்னும் மீன் உட்கார்ந்திருக்கிறது.

ஒதுக்கப்பட்ட தவளைகள் ஆழமில்லாத குட்டைகளுக்குப் போயின. பனி குறைந்த வருடம் குட்டை கோடையில் வற்றும், இரண்டு வருடத் தலைப்பிரட்டைகள் மொத்தமும் காலி. பனி அதிகமான வருடமும் நல்லதில்லை. குட்டைமேல் பனிக்கட்டி மாதக்கணக்கில் மூடிக் கிடந்து அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்து பெரிய தவளைகள் செத்துப்போகும், தலைப்பிரட்டைகள் தாக்குப்பிடிக்கும். ஜூலையில் ஒரு குட்டையில் தலைப்பிரட்டை நிறைய, தவளை ஒன்றும் இல்லை என்றால் காரணம் உன் மார்ச் மாத நோட்டில் இருக்கக்கூடும். இரண்டு வேலையையும் உனக்கே கொடுத்தவர் விவரம் தெரிந்தவர், கண்ணு.

கணக்கெடுப்புக்குப் போகும் நேரம் வெயில் ஏறிய பிறகு, காற்று இல்லாதபோது. அலை எழுந்தால் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து காத்திரு, அல்லது கலைந்த நீரில் எடுத்தது என்று எழுதிவை. கரையோரம் மெதுவாக நட, காலடியைப் பார்க்காமல் நாலைந்து மீட்டர் முன்னால் பார். நீ பக்கத்தில் போவதற்குள் அது குதித்திருக்கும். ஒன்றுமே இல்லாத ஏரிக்கும் பூஜ்யம் என்று எழுத வேண்டும், கட்டத்தை வெறுமையாக விடாதே. வெறுமை என்றால் நீ போகவே இல்லை என்று அர்த்தமாகும்.

பிடித்தால் ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. தவளையின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சுக் குச்சியால் 30 முறை தடவுவார்கள்: வயிற்றின் இரு பக்கம், இரு தொடை, இரு பின்காலின் சவ்வு, ஆறு இடத்தில் ஐந்தைந்து. எண்ணிக்கொண்டே செய். 20 தடவினால் பூஞ்சை குறைவாக வரும், தவளை தேறிவிட்டது என்று யாரோ ஒருவர் நம்பிவிடுவார். வேறு நீர்ப்பிடிப்புக்குப் போகுமுன் பூட்ஸையும் வலையையும் கிருமிநாசினியில் நனைத்தே ஆக வேண்டும்.

தவளைகளுக்காக மீனை அகற்றும் ஏரிக்கும் உன்னை அனுப்பலாம். செவுள் வலை 36 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம், கண்ணளவு 10 மில்லிமீட்டரிலிருந்து 38 வரை ஆறு துண்டு. குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டிக்கு அடியிலேயே விட்டுவைப்பதும் உண்டு. பொறுமையான வேலை, வருடக்கணக்கில் போகும். ஏரியில் விழும் ஓடையில் குஞ்சு மீன் மிஞ்சினால் எல்லாம் வீண். மின்சாரக் கருவியால் மீனை மயக்கிப் பிடிக்கும் முறை அங்கே சண்டித்தனம் செய்யும். கருங்கல்மேல் உருகி வரும் தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது. ஆனால் பலன் கண்கூடு. யோசெமிட்டியில் இருபது வருடக் கணக்கெடுப்பில் தவளைகள் ஏழு மடங்கு பெருகியதாக 2016இல் வெளியிட்டார்கள்.

பேனா வேண்டாம், குளிரில் மை உறையும். பென்சில் கொண்டுபோ, நோட்டு நனையாத தாளாக இருக்கட்டும். மதியம் மேகம் திரண்டால் ஏரி நடுவில் மிதவையில் இருக்காதே. இரவில் பூட்ஸை வெளியே வைக்காதே. வியர்வை உப்புக்காக மர்மோட் என்ற பெரிய மலை அணில் கடித்துத் தின்றுவிடும், மறுநாள் பன்னிரண்டு கிலோமீட்டர் செருப்போடு இறங்க முடியாது.

அன்புடன்,
அம்மா