லாரி உரிமையாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: பார எடை குறித்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சொந்த வண்டியைத் தாமே ஓட்டிப் பிழைக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு சங்க அலுவலகத்துக்கு வந்த முறையீடுகளில் பெரும்பகுதி அதிக பாரத்தைப் பற்றியதாகவே இருந்ததால், இவ்வறிக்கையும் அதையொட்டியே அமைகிறது. சந்தா, வரவுசெலவு ஆகியவற்றைப் பொருளாளர் தனியே படிப்பார்.

நம் உறுப்பினர் ஒருவர் பத்துச் சக்கர வண்டியில் நாமக்கல்லுக்கு மக்காச்சோளம் ஏற்றி வந்தார். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் பாரத்தோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 25 டன், காலி எடை 9 டன். லோடு பேசித்தரும் புக்கிங் ஆபீசில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து 16 டன் ஏற்றினார்கள். பில்லும் அப்படியே போடப்பட்டது. வழியில் எடைமேடையில் ஏற்றியபோது 25 டன் 700 கிலோ காட்டியது. பில்லிலும் பொய்யில்லை, மேடையிலும் பொய்யில்லை. பதிவுக்குப் பின் உயர்த்திக் கட்டிய பாடி, இரண்டு தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி, கருவிப் பெட்டி, ஓட்டுநர், கிளீனர், முழு டாங்க் டீசல் ஆகியவை சேர்ந்தே அந்த 700 கிலோ. 400 லிட்டர் டீசல் மட்டுமே 300 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதை அன்றுவரை அவர் கணக்கிட்டதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கணக்கிட்டதில்லை.

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அடிப்படை அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மூன்று டன் மிகுந்தால் 26,000 ரூபாயுடன், மிகுதியை இறக்கிவைக்கும் கூலியும் நம் தலையிலேயே விழுகிறது. அதை இறக்கும்வரை வண்டி நகராது. எடை போட மறுத்துச் சென்றால் 40,000 ரூபாய். குறுக்குப் பாதையில் தப்பிவிடலாம் என்று சொல்லும் உறுப்பினர்கள் இந்தக் கடைசித் தொகையைக் கருதிப் பார்க்க வேண்டுகிறேன்.

மத்திய அரசின் 2018 ஜூலை 16 அறிவிக்கையில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான (ஆக்சில்) எடை வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரட்டை அச்சுக்கு 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும் உயர்ந்தது. இதை வைத்துக்கொண்டு பழைய வண்டியிலும் கூடுதலாக ஏற்றலாம் என்று சில லாரி செட்டுகளில் பேசப்படுகிறது. நம் வண்டியின் ஆர்.சி.யில் எந்த எடை பதிவாகியிருக்கிறதோ அதுவே நமக்கு வரம்பு என்று கொள்வதே பாதுகாப்பானது.

அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்பதும் சரியன்று. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கியவர்களுக்கு, பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைவது என்னவென்று தெரியும். மொத்த எடை சரியாகவே இருந்தாலும் பாரத்தைப் பின்னால் குவித்தால் முன்னச்சு இலேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. முன்னால் குவித்தால் முன் டயரும் ஸ்பிரிங் பட்டையும் தாங்காது. எனவே மூட்டை அடுக்கும்போது உரிமையாளர் டீக்கடையில் இருக்கலாகாது.

டன் கணக்கில் வாடகை பேசும் வழக்கம் இருக்கும்வரை ‘இன்னும் இருபது மூட்டை’ என்ற கேள்வி நிற்கப்போவதில்லை. 50 கிலோ சிமெண்ட் மூட்டை இருபது சேர்ந்தால் ஒரு டன். வண்டிக் கடன் தவணை நெருங்கும் மாதத்தில் அதை மறுப்பது எளிதன்று என்பதை நானும் அறிவேன். ஆயினும் வண்டியை ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் 194ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, அபராதச் சீட்டு நம்மிடமே வந்து சேர்வதைச் சங்கம் ஏற்கவில்லை. ஏற்றுபவர்களையும் பொறுப்பாக்கக் கோரி மனு அளித்துள்ளோம். இதுவரை பதில் வரவில்லை.

செயற்குழு செய்தது சிறிதே. உறுப்பினர்கள் தம் வண்டியை முழு டாங்க் டீசல், தார்ப்பாய், ஆட்களுடன் எடை போட்டு, அந்த உண்மையான காலி எடையைக் கேபினில் எழுதி ஒட்டும்படி கேட்டுக்கொண்டோம், செய்தவர்கள் சிலரே. ஏற்றுமிடத்துக்கு அருகிலுள்ள மேடையில், தார்ப்பாய் கட்டும் முன்பே எடை போட்டுச் சீட்டு வாங்கும் வழக்கத்தையும் பரிந்துரைத்தோம். கட்டிய பின் மிகுதி தெரிந்தால் அவிழ்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

எடைச் சீட்டு இல்லாத லோடை நம் உறுப்பினர்கள் எடுப்பதில்லை என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் தம் வண்டியின் காலி எடைச் சீட்டைக் கையில் கொண்டு எழுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்