எங்கள் குரலுக்கு இடம் விட்டு வாசித்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

எங்கள் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. அன்று மேடையிலேயே நன்றி சொன்னோம். ஆனால் கைதட்டல் சத்தத்தில் பலருக்குக் கேட்டிருக்காது. சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் பின்பக்கம் வேலையில் இருந்தார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதியே சொல்லிவிடலாம் என்று குழுவில் பேசி முடிவு செய்தோம். பெயர் போட்டால் யாராவது விடுபட்டுப்போவார்கள், அதனால் பெயர் இல்லாமல்தான் எழுதுகிறேன். எது யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

முதலில், விருந்தினராக வந்து எங்களோடு வாசித்த கலைஞர்களுக்கு.

நாங்கள் பகலில் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்விட்டு சாயங்காலம் கூடிப் பாடுகிறவர்கள். வருடம் முழுக்க ஒரு கீபோர்டு துணையோடு பாடியே பழகியவர்கள். வயலின், வியோலா, செல்லோ, ஓபோ, டிரம்பெட், டிம்பனி என்று இத்தனை வாத்தியங்களுக்கு நடுவில் நின்று பாடியது எங்களில் பலருக்கு இதுவே முதல் தடவை. இவ்வளவுக்கும் மேலே எங்கள் குரல் எழும்புமா என்பதுதான் எல்லோருக்கும் பயம். அதிலும் ஆண்களின் உயர்ந்த குரலான டெனரில் ஆள் குறைவு. பெண்களின் உயர்ந்த குரலான சோப்ரானோவுக்கு வரிசையில் நிற்பார்கள், டெனருக்குத் தேடிப் பிடிக்க வேண்டும். பல குழுக்களில் இதே நிலைதான்.

முதல் கூட்டு ஒத்திகையில், வயலின் வரிசைக்குத் தலைமை வகித்த அக்கா வில்லை மடியில் வைத்துவிட்டு, “நீங்கள் ஒரு தடவை தனியாகப் பாடுங்கள், நாங்கள் கேட்கிறோம்” என்றார்கள். நாங்கள் பாடப் பாட, வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் பென்சிலை எடுத்துத் தங்கள் நொட்டேஷன் தாளில் குறித்துக்கொண்டே வந்தார்கள். நாங்கள் எங்கே மூச்சு எடுக்கிறோம், எந்தச் சொல்லில் அழுத்துகிறோம், எந்த இடத்தில் எங்கள் குரல் மெலிகிறது என்று எல்லாமே அந்தத் தாள்களில் ஏறியது. பாடி முடித்ததும் அக்கா, “டெனர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள்? அவர்கள் குரல் எனக்கு நேராகக் கேட்க வேண்டும்” என்று தன் நாற்காலியையே நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் பயத்தில் பாதி அந்த நாற்காலியோடு நகர்ந்துவிட்டது. அக்கா, உங்கள் வரிசையில் வாசித்த ஒவ்வொருவருக்கும் எங்கள் டெனர்கள் தங்கள் தனி நன்றியைச் சொல்லச் சொன்னார்கள்.

டிம்பனி முரசு வாசித்த ஐயாவுக்கு. நிகழ்ச்சியின் முதல் ஒலியே உங்களுடையதுதான். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ என்ற பெரிய இசைப் படைப்பின் முதல் கோரஸில், குரல், வயலின் எல்லாவற்றுக்கும் முன்னால் டிம்பனி தனியாகத் தொடங்கும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1733 டிசம்பரில் போலந்து அரசியின் பிறந்தநாளுக்கு எழுதிய இசையைத்தான் அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கு பாக் மாற்றி அமைத்தார். பழைய வரிகள் முரசுகளையும் எக்காளங்களையும் முழங்கச் சொல்லித் தொடங்கும், அதனால்தான் முரசு முதலில் முழங்குகிறது. ஒத்திகையில் இதை எங்களுக்குச் சொன்னதும் நீங்கள்தான். அதன் பிறகு அந்தக் கோரஸை நாங்கள் வேறு மாதிரி பாட ஆரம்பித்தோம்.

எனக்கு அதைவிட மனதில் நிற்பது வேறொன்று. நாங்கள் அமைதியான ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, ஐயா குனிந்து முரசின் தோலுக்குப் பக்கத்தில் காதை வைத்து, விரல் நுனியால் தொட்டுத் தொட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் நிறைந்து அரங்கம் சூடாகும்போது தோலின் இறுக்கம் மாறும், சுருதி விலகும். அடுத்து வரப்போகும் நாலு அடிக்காக அந்தப் பாட்டு முழுவதும் அவர் குனிந்தே இருந்தார். ஆல்ட்டோ வரிசையில் நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பார்வையாளர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

டிரம்பெட் வாசித்த அண்ணன் தம்பி இருவருக்கும் எவ்வளவு சொன்னாலும் போதாது. இசையமைப்பாளர் ஹாண்டல் இயேசுவைப் பற்றி எழுதிய மெசாயா என்ற ஆரட்டோரியோவில் மேய்ப்பர்களுக்குத் தேவதூதர்கள் தோன்றும் கோரஸில்தான் டிரம்பெட் முதன்முதலாக ஒலிக்கும். அந்த இடத்தில் ஹாண்டல் தன் கைப்பிரதியில் இத்தாலிய மொழியில் எழுதிவைத்த குறிப்பு, தூரத்திலிருந்து, கொஞ்சம் மெல்லிய ஒலியில் என்று சொல்கிறது. அதை அப்படியே செய்து பார்க்க எங்கள் குவையர் மாஸ்டருக்கு ஆசை. இருவரையும் அரங்கின் பின்பக்க மாடத்தில் நிறுத்தலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். நீங்கள் உடனே சரி என்றீர்கள்.

அது எவ்வளவு கஷ்டம் என்பது ஒத்திகையில்தான் எங்களுக்குப் புரிந்தது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி நின்றால், மேடையில் பாடுவது மாடத்துக்குப் போய்ச் சேர ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட ஆகிவிடும். அங்கே கேட்டதற்குச் சரியாக வாசித்தால், அது மேடைக்குத் திரும்பி வரும்போது இன்னும் அவ்வளவு பிந்தியிருக்கும். ஆகவே காதை நம்பாமல் மாஸ்டரின் கையை மட்டும் பார்த்து, காதில் விழுவதற்கு முந்தியே வாசிக்க வேண்டும். காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, கண்ணின் பேச்சை மட்டும் கேட்பது எத்தனை வருடப் பழக்கத்தில் வரும்! அதுவும் மெல்லிய ஒலியில். டிரம்பெட்டில் உச்ச ஸ்தாயியைச் சத்தமாக ஊதுவதைவிட மெதுவாக ஊதுவதுதான் சிரமம் என்று வாசிக்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அன்று அந்த ஒலி பின்னாலிருந்து வந்ததும் முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்ததை நாங்கள் மேடையிலிருந்து பார்த்தோம். அப்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த வரியை எப்படிப் பாடினேன் என்று இன்னும் ஞாபகம் இல்லை.

இதில் விளக்குப் பொறுப்பைக் கவனித்த தம்பிக்கும் பங்கு உண்டு. அரங்க விளக்குகளைக் குறைத்தால் மாஸ்டரின் கை மாடத்துக்குத் தெரியாது என்று முதலில் கண்டுபிடித்தது நீதான். அவருடைய ஸ்டாண்டில் ஒரு சின்ன விளக்கை, எங்கள் கண்ணிலும் பார்வையாளர்கள் கண்ணிலும் படாதபடி கை மட்டும் தெரிகிற கோணத்தில் பொருத்தினாய். ரொம்ப நன்றி, தம்பி.

பியானோவுக்குச் சுருதி சேர்த்தவர் யார் கண்ணிலும் படாமல் வந்து போய்விட்டார். காலையில் முதல் ஆளாக வந்தவர் அவர்தான். 88 கட்டைகள்தான் நமக்குத் தெரியும், உள்ளே 200க்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு முறுக்க வேண்டும், அதற்கு அரங்கம் நிசப்தமாக இருக்க வேண்டும். நாற்காலி போட வந்த இளைஞர்கள் வேலை அவ்வளவு கிடந்தும் வெளியே போய்ப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்தே நன்றி. பியானோ சரியாக இருந்ததால்தான் ஓபோ அதிலிருந்து சுருதி எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க முடிந்தது. இடைவேளைக்குப் பிறகு ஒரு தடவை மறுபடியும் சேர்த்தார்கள். சூடு ஏறினால் காற்று வாத்தியங்களின் சுருதி மேலே போகும், இரண்டாம் பாதியில் அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

பியானோ கலைஞருக்கு எங்கள் நன்றி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாள் திருப்பிய தங்கைக்கு அதற்கு ஒரு படி மேலாக. அவள் எங்கள் சோப்ரானோ வரிசைப் பெண். வருடம் முழுக்க ஒத்திகைக்கு வந்தவள். தாள் திருப்ப ஆள் இல்லை என்று தெரிந்ததும், “நான் பாடவில்லை, நான் திருப்புகிறேன்” என்று தானாக முன்வந்தாள். நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். கலைஞரின் இடப்பக்கம் உட்கார்ந்து, அவர் வாசிப்பதைவிட ஓரிரு வரி முன்னால் கண்ணை ஓட்டி, சத்தமில்லாமல் எழுந்து, இடது கையால் தாளின் மேல் மூலையைப் பிடித்துக்கொண்டு அவருடைய தலையசைப்புக்குக் காத்திருக்க வேண்டும். கை குறுக்கே வந்து தாளை மறைத்துவிடக் கூடாது, இரண்டு தாள் சேர்ந்து திரும்பிவிடவும் கூடாது. கோரஸ் உச்சிக்குப் போனபோது அவள் உதடு மட்டும் சத்தமில்லாமல் எங்களோடு பாடிக்கொண்டிருந்தது. அடுத்த நிகழ்ச்சியில் உனக்கு முன்வரிசை, இதை மாஸ்டர் முன்னிலையிலேயே சொல்லியாகிவிட்டது.

கிட்டார் வாசித்த அண்ணனுக்கு. ‘சைலண்ட் நைட்’ என்று அமைதியான இரவைப் பாடும் அந்தப் பாட்டை, முதல் தடவை பாடப்பட்ட மாதிரியே பாட வேண்டும் என்பது எங்கள் ரொம்ப நாள் ஆசை. 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரின் தேவாலயத்தில், உதவிக் குருவாக இருந்த யோசெஃப் மோரும் பள்ளி ஆசிரியரும் ஆர்கன் கலைஞருமான ஃபிரான்ஸ் க்ரூபரும் அதைப் பாடினார்கள். வரிகள் மோருடையவை, மெட்டு க்ரூபருடையது. இரண்டு குரல், ஒரு கிட்டார், ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரியையும் திரும்பப் பாட ஒரு பாடகர் குழு, அவ்வளவுதான். அத்தனை வாத்தியங்கள் மேடையில் இருக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு கிட்டாரோடு பாடுவது சப்பென்று போய்விடுமோ என்று குழுவிலேயே சிலர் கேட்டார்கள். போகவில்லை. கடைசிச் சரணத்தில் அரங்கம் முழுக்க, யாரும் கேட்காமலே, எங்களைவிடத் தணிந்த குரலில் சேர்ந்துகொண்டது. அப்படிச் சேர்ந்து பாடிய ஒவ்வொருவருக்கும் நன்றி. அன்றைய இரவின் மிகச் சிறந்த இசை அதுதான் என்பது என் அபிப்பிராயம். குழுவில் ஹாண்டல் கட்சிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், வாசலில் நின்று வரவேற்றவர்களும் இருக்கை காட்டியவர்களும். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் மெசாயா முதன்முதலாக அரங்கேறியபோதும் இதே பாடுதான் பட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பேரை உட்காரவைக்க வேண்டும் என்பதற்காக, பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை உடுத்தாமலும் ஆண்கள் இடுப்பில் வாள் இல்லாமலும் வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு அப்படி எதுவும் கேட்க வேண்டிவரவில்லை. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டும், பைகளை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டும் நீங்களாகவே இடம் கொடுத்தீர்கள். பெரியவர்களுக்காக எழுந்து சுவரோரம் நின்றே கேட்ட இளைஞர்களை மேடையிலிருந்து பார்த்தோம். கால் வலித்திருக்கும், கடைசிவரை நின்றீர்கள்.

அந்த முதல் அரங்கேற்றம் ஒரு தர்ம நிகழ்ச்சி. கடன்பட்டுச் சிறையில் இருந்தவர்களுக்கும் நகரின் இரண்டு மருத்துவமனைகளுக்கும் அதன் வருமானம் போனது. நாமும் அனுமதி இலவசம் என்று வைத்து, வாசலில் ஒரு பெட்டி மட்டும் வைத்தோம். அதில் சேர்ந்தது முழுவதும், சொன்னபடி, குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கணக்குத் தாள் குழுவிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். விருந்தினர் கலைஞர்களில் சிலர், தங்களுக்கென்று நாங்கள் கொடுத்த உறையைப் பிரிக்காமலே அந்தப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். இதை எழுதக் கூடாது என்றும் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும், எழுதாமல் இருக்க முடியவில்லை.

நிகழ்ச்சித் தாளை அச்சிட்டவர்கள், மேடைப் படிகளைத் தூக்கி வந்து போட்டு மறுபடி தூக்கிப் போனவர்கள், ஒலிப்பதிவு செய்த நண்பர், புகைப்படம் எடுத்தவர்கள், அரங்கைத் துப்புரவு செய்த அம்மாக்கள், எல்லோருக்கும் நன்றி. ஒத்திகை நடந்த கட்டடத்தின் அக்கம்பக்கத்தவர்களுக்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்திருப்பீர்கள், ஒருவர்கூட ஜன்னலைச் சாத்தவில்லை. எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும்: டிசம்பரில் எந்த வேலைக்கும் நாங்கள் வீட்டில் இல்லை, அதைச் சொல்லிக்காட்டாமல் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தீர்கள்.

மாஸ்டருக்கு நன்றி சொன்னால் திட்டுவார். ஒரே ஒரு வரி மட்டும்: ஒத்திகையில் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தாமல் எங்களைப் பாடவைத்தீர்கள், சார்.

கடைசியாக ஒரு விஷயம். மேடைக்குப் பின்னால் ஒரு கறுப்பு மியூசிக் ஸ்டாண்ட், வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் டப்பா ஒன்று, குழந்தையின் ஒற்றைச் சிவப்புக் காலுறை, ஒரு மூக்குக் கண்ணாடி ஆகியவை கிடைத்தன. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம். உரியவர்கள் எந்த ஒத்திகை நாளிலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஒலிப்பதிவின் பிரதி வேண்டுமென்று கேட்ட கலைஞர்களுக்கு, அது தயாரானதும் முதல் பிரதிகள் உங்களுக்குத்தான்.

அன்புடனும் நன்றியுடனும்,
பாடகர் குழுவின் சார்பில்,
செயலாளர்