ஆண்டறிக்கை 2024–2025

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தின் பின் நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், வாராந்த யோகாசன வகுப்பு எல்லாம் வழமைபோல் நடந்தேறின. வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த ஆண்டு நமக்கு ஏற்பட்ட பேரிழப்பைப் பற்றி விரிவாகப் பதிவுசெய்ய வேண்டியிருப்பதால் மற்றவற்றை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

ரொறன்ரோவில் கூடும் நமது தமிழ் மூத்தோர் சங்கத்தில் இருந்த ஒரே ஆங்கிலேய அங்கத்தவர் கடந்த ஜனவரியில் தமது 101ஆவது வயதில் காலமானார். குடும்பத்தாரின் விருப்பப்படி பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நமக்கு அவர் என்றும் 'பிரைட்டன் அம்மா'தான் (பிரைட்டன் தென் இங்கிலாந்தின் கடலோர நகரம்).

இரண்டாம் உலகப் போருக்காகக் கனடியப் படையினர் 1939 டிசம்பரில் பிரித்தானியாவில் வந்திறங்கி, ஆண்டுக்கணக்கில் தென் இங்கிலாந்தில் முகாமிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் கனடியப் படையினருக்கும் பிரித்தானிய, ஐரோப்பியப் பெண்களுக்கும் ஏறத்தாழ 48,000 திருமணங்கள் நடந்தன. மணப்பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிரித்தானியர். மற்றவர்களில் ஒல்லாந்துப் பெண்களே அதிகம். நம்முடைய அம்மாவும் அந்தப் பிரித்தானிய மணப்பெண்களில் ஒருவர். கனடாவின் சஸ்கட்செவான் மாகாணத்து விவசாயி மகன் ஒருவரை 1944 வசந்தத்தில் கைப்பிடித்தார். படைத் தளபதியின் அனுமதி வாங்க வேண்டும். துணிக்குக் கூப்பன் போதாது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாண உடுப்பை இரவல் வாங்கி உடுத்தினாராம். சில வாரங்களில் கணவர் பிரான்சின் நோர்மண்டிப் போர்முனைக்குப் போனார்; காலில் காயத்தோடு ஊர் திரும்பினார்.

1946 பெப்ரவரியில் கனடிய அரசின் செலவில் 'மொரித்தானியா' கப்பல் இத்தகைய பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு லிவர்பூலிலிருந்து புறப்பட்டது. கைக்குழந்தையோடு அம்மாவும் அதில் வந்தார். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் பாண். போர்க்காலம் முழுவதும் சாம்பல் நிறப் பாணையே தின்ற அவர், நாளைக்கும் கிடைக்குமோ என்னவோ என்று இரண்டு துண்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் கடல் கொந்தளித்ததில் அதைத் தொடவே முடியவில்லை. பெப்ரவரி 10இல் கனடாவின் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தின் 21ஆம் இறங்குதுறையை அடைந்தார்கள். அங்கிருந்து ரயிலில் நாட்கணக்கான பயணம்.

அவர் போய்ச் சேர்ந்த பண்ணை வீட்டில் மின்சாரம் இல்லை. தண்ணீருக்குக் கிணறு, சமையலுக்கு விறகடுப்பு, கழிப்பறை வெளியே பனிக்குள். அந்த மாகாணம் கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கச் சட்டம் இயற்றியதே 1949இல்தான். இதையெல்லாம்விடப் பெரிய சோதனை, மாமியாருக்கு உக்ரேனிய மொழியைத் தவிர வேறொன்றும் தெரியாது. மருமகளுக்கோ ஆங்கிலம் மட்டும்தான். மாமியார் மாவை எடுத்து மருமகளின் கையில் வைப்பார், பெயரைச் சொல்வார். முட்டை, உப்பு, பீட்ரூட் என்று ஒவ்வொன்றாக அடுப்படியிலேயே பாடம் நடந்தது. ஒரு வருஷத்துக்குள் மாமியாரோடு சண்டை பிடிக்குமளவுக்கு மொழி வந்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார்.

போர்க்கால மணப்பெண்கள் என்றாலே காதல் கதையாகத்தான் பேசுகிறார்கள். அம்மாவின் துணிவு அந்த அடுப்படியில் இருந்தது என்பதே என் எண்ணம். திரும்பிப் போன பெண்களும் உண்டு. தமக்குத் திரும்பிப் போகக் கப்பற் காசு இருக்கவில்லை என்பதையும் அவர் ஒளிக்காமல் சொல்வார்.

பிற்பாடு குடும்பம் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தது. கணவர் காலமான பின் அவர் குடிவந்த அடுக்குமாடியின் பொது மண்டபத்தில்தான் நமது சங்கம் கூடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தவரை நம் அம்மாமார் உள்ளே கூப்பிட்டு வடையும் தேநீரும் கொடுத்தார்கள். அடுத்த கிழமையிலிருந்து அவர் நமக்கு ஆங்கில ஆசிரியை. புத்தகம் கிடையாது. இடியப்ப உரலையும் சுளகையும் கொண்டுவரச் சொன்னார். அதை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்று அவருக்கு நாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். மகன் இல்லாமல் வைத்தியரிடம் போகப் பயந்திருந்த அங்கத்தவர்கள் தனியே போய்வரத் தொடங்கியது அந்த வகுப்பினால்தான்.

குடியுரிமைப் பத்திரங்கள் விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பு. அதற்குக் காரணம் இருந்தது. கனடியக் குடியுரிமைச் சட்டம் 1947 ஜனவரி 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வந்த போர்க்கால மணப்பெண்களிலும் அவர்களின் பிள்ளைகளிலும் சிலர், வாழ்நாள் முழுவதும் தங்களைக் கனடியர் என்றே நம்பியிருந்து, கடவுச்சீட்டு எடுக்கப் போனபோது குடியுரிமை இல்லை என்று அறிந்தார்கள். 2009இலும் 2015இலும் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த அநீதியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அம்மா தம் திருமணச் சான்றிதழ், கப்பல் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார். நாம் ஆண்டுதோறும் நடத்தும் பத்திரச் சரிபார்ப்பு நாள் அவர் கேட்டுத் தொடங்கியது. இந்த ஆண்டும் அது நடந்தது.

அவருடைய குரலில் நம்மிடம் எஞ்சியிருப்பது அங்கத்தவர் ஒருவரின் பேத்தி கைப்பேசியில் எடுத்த சிறு ஒலிப்பதிவு மட்டுமே. பண்ணை வாழ்க்கையைத் தொடுமுன்பே அது முடிந்துவிடுகிறது. நம்மில் எண்பது கடந்தவர்கள் பலர் இருக்கிறோம். ஆகவே மூத்த அங்கத்தவர்களின் வாழ்க்கையை அவரவர் வாயாலேயே சொல்லக் கேட்டு ஒலிப்பதிவு செய்யும் திட்டத்தை நிர்வாக சபை ஏகமனதாகத் தீர்மானித்து, இன்று உங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறது. பேர்த்தி பேரன்மாரில் கருவிகளைக் கையாளத் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும். விரும்புவோர் கூட்டம் கலையுமுன் உபசெயலாளரிடம் பெயரைக் கொடுக்கவும். வயதில் மூத்தவரிடமிருந்தே பதிவைத் தொடங்குவோம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

நன்றி.

செயலாளர்