கேசட்டிலிருந்து எம்பி3: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்துவிட்டது.

அப்பாவின் கேசட்டுகளை நீ எம்பி3 ஆக்குவது பெரிய காரியம். ஆனால் ஜாயின்ட் ஸ்டீரியோ போட்டால் இடமும் வலமும் கலந்துவிடும், அதனால் சாதா ஸ்டீரியோவில் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 ஆயிரம் பிட்) வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் மாற்றிக்கொள்.

கச்சேரியில் பாடகர் குரல் நடுவில்தான் கேட்கிறது. அதாவது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஒலி. சாதா ஸ்டீரியோவில் அதை இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கிறது. ஜாயின்ட் ஸ்டீரியோ இரண்டையும் கூட்டி ஒன்று, கழித்து ஒன்று என வைத்துக்கொள்கிறது. கழித்ததில் குரல் அநேகமாக மறைந்துவிடும், மிஞ்சுவது கொஞ்சம்தான். அங்கே மிச்சமான பிட்டுகள் குரலுக்கும் தம்புராவுக்கும் போகின்றன. கேட்கும்போது மறுபடி கூட்டிக் கழித்தால் இடமும் வலமும் திரும்ப வந்துவிடும். இந்தக் கணக்கில் எதுவும் தொலைவதில்லை. ஒரு பிட்கூட இழக்காத ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பு வடிவமும் இதே முறையைக் கையாள்கிறது. 1961-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட எஃப்எம் ஸ்டீரியோவும் இப்படித்தான் ஒலிபரப்பாகிறது.

ஜாயின்ட் ஸ்டீரியோவுக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் வேறு. ஜாயின்ட் ஸ்டீரியோ என்ற பெயருக்குள் இன்டென்சிட்டி ஸ்டீரியோ என்று இன்னொரு முறையும் இருக்கிறது. அது உயர் அதிர்வெண்களில் ஒரே ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் எவ்வளவு சத்தம் என்பதை மட்டும் குறித்துவைக்கும். அங்கே நிஜமாகவே இழப்பு உண்டு. கூட்டல் கழித்தலை எங்கே கையாள்வது என்று தெரியாத பழைய என்கோடர்களும், அதாவது ஒலியை எம்பி3 ஆக்கும் மென்பொருள்களும், பெயரைக் கெடுத்தன. லேம் என்ற என்கோடர் இன்டென்சிட்டி பக்கமே போகாது. 1152 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு) கொண்ட ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (ஒலித்துண்டுக்கும்), அதாவது சிடி வேகத்தில் சுமார் 26 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, எது லாபம் என்று பார்த்து மாறிக்கொள்ளும். 128-இல் நாமே ஸ்டீரியோவில் பூட்டிவைப்பது அதன் கையைக் கட்டிப்போடுவதுதான்.

அப்புறம், கேசட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மற்றதைவிட இம்மி பிந்தி வரும். அப்போது உயர் சுரங்களில் கழித்தல் வேலை செய்யாது, பிட்டுகளும் மிச்சமாகாது. அதனால் ஒவ்வொரு கேசட்டையும் கணினியில் பதிவு செய்யும் முன் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மோனோவாகக் கேட்டபடி, ஹெட் பக்கத்திலுள்ள சிறிய திருகை மெல்லத் திருப்பு. ஜால்ரா எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்து.

மோனோவாகவே பதிவான பழைய சினிமாப் பாட்டுகளுக்கு ஸ்டீரியோவே வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் இரைச்சல்தான். ஹெட்டைச் சரிசெய்த பிறகு மோனோவாகச் சேர்த்தால் இரைச்சல் 3 டெசிபல் வரை குறையும்.

எல்லாவற்றையும் முதலில் ஃபிளாக்கில் வைத்துக்கொள். அதிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எம்பி3-இல் இழந்ததைத் திருப்பி எடுக்க முடியாது. அப்பா பதிந்த கோயில் நாதஸ்வரக் கேசட் கிடைத்தால் அதை முதலில் செய், எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்