தாயிடமும் இரண்டு கேள்வி

ஆசிரியருக்கு,

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். பிள்ளை பெற்ற முதல் நாள்களில் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலும் 2 வாரங்களுக்குள் தானே அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். இந்த வேறுபாடு வீட்டுப் பெரியவர்களுக்கு (எனக்கும்தான்) தெரிவதில்லை. என் அக்கா மகள், குழந்தை தூங்கிய பிறகும் தூங்காமல் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ‘பச்சை உடம்பு, அசதி’ என்று பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தோம். மருத்துவரிடம் போக 4 மாதமாயிற்று.

6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிக்குத் தாய் எப்படியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். எடை பார்க்கும் செவிலியர் அப்படியே, ‘ராத்திரி தூக்கம் வருதாம்மா? எதிலாவது மனசு ஒட்டுதா?’ என்று அவளிடமும் கேட்டு அட்டையில் குறிக்கலாம். அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-ஐயும் அதிலேயே அச்சிடலாம்.

ஒரு வாசகி, திருச்சி