கோணனுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி, ஒருவரிடம் மன்னிப்பும்

அன்புள்ள எல்லோருக்கும்,

என்னிடம் தங்கியிருந்த நாய் கோணன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

எழுதிய பிறகுதான் இந்த வாக்கியத்தின் இன்னொரு பொருள் உறைக்கிறது. பதற வேண்டாம். அவன் போய்ச் சேர்ந்தது புது வீட்டுக்கு. அங்கே மூன்று மாதம் முடிந்து, போன வாரம் தத்துப் பத்திரத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. அதற்காகத்தான் இந்த மடலை எழுதாமல் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதற்கு முன் ஒருமுறை அவசரப்பட்டு எல்லோருக்கும் நன்றி சொல்லி, ஒன்பதே நாளில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற ஆள் நான்.

உங்களில் சிலர் பணம் மட்டும் அனுப்பினீர்கள், அவனைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு காது விறைத்து நிற்கும், மற்றது பாதியில் மடிந்து தொங்கும், பெயர் அப்படி வந்தது. என்னிடம் வந்தபோது 14 கிலோ, விலா எலும்பை எண்ணலாம். பல்லைப் பார்த்து மூன்று வயது இருக்கும் என்றார்கள். பத்து நாள் தங்கட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன். 11 மாதம் ஆயிற்று.

முதல் நன்றி, அவனை மீட்டு வண்டியில் ஏற்றி வந்தவருக்கு. வண்டிக் கதவைத் திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "இவன் பயந்தவன். சாப்பாட்டுப் பக்கம் போனால் உறுமுகிறான். வரும் வழியில் ஒருமுறை விழுந்து கைகாலை உதைத்துக்கொண்டான், அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை." அவ்வளவுதான். பிறகு நாங்கள் மாதக்கணக்கில் கண்டுபிடித்ததெல்லாம் இந்த மூன்று வாக்கியங்களுக்கு எழுதிய உரைதான். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியவில்லை என்றும் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. எனக்கு அதைக் கற்க ஒரு பெண்ணின் கை காயப்பட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்காம் நாள், இரவு இரண்டரை மணி. கூண்டுக்குள் ஏதோ தடதடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். விளக்கைப் போட்டால் கோணன் ஒருக்களித்து விழுந்து, நான்கு காலாலும் காற்றில் ஓடிக்கொண்டிருக்கிறான். வாயில் நுரை. படுக்கையெல்லாம் சிறுநீர். நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டு அம்மா இறங்கி வந்துவிட்டார். அவருடைய தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டாம். வந்தவர் நாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "கையை வாய்ப் பக்கம் கொண்டுபோகாதே. விளக்கை அணை. மணியைப் பார்."

மணி பார்த்தேன். பத்து நிமிடம் ஆனது என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனது ஒரு நிமிடம் நாற்பது விநாடி. வலிப்பில் நாக்கை விழுங்கிவிடும் என்ற பயத்தில் பலர் வாய்க்குள் விரலை விடுகிறார்கள். நாக்கு எங்கும் போகாது, விரல்தான் போகும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ அது அவசரம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எங்களுக்கு விடிவதற்குள் இரண்டாவது வந்தது. அந்த அம்மா இரவு உடையோடு, மேலே ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு, என்னோடு வண்டியில் ஏறினார். அம்மா, அந்தப் போர்வை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துவைத்துவிட்டேன், ஆனாலும் திருப்பித் தரும் நிலையில் இல்லை.

மருத்துவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஈரல், சர்க்கரை, நஞ்சு, உண்ணிக் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். எதுவும் அகப்படாதபோதுதான் காரணம் தெரியாத வலிப்பு நோய் என்று முடிவுக்கு வந்தார். நாய்களுக்கு இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் தொடங்குமாம். ஃபீனோபார்பிடால் மாத்திரை, 12 மணி நேரத்துக்கு ஒன்று. இரத்தத்தில் மருந்தின் அளவு நிலைப்படவே இரண்டு வாரம் ஆகும். அதுவரை பின்னங்கால் தள்ளாடும், தூக்கம் அழுத்தும், பயப்படாதீர்கள் என்றார். நாமாக நிறுத்தக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும். கோணன் மேலெல்லாம் உண்ணி மொய்த்திருந்ததால் நான் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னேன். அந்த வகை உண்ணி மருந்துகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்று 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பு எச்சரித்திருப்பதைச் சொல்லி, வேறொன்றைக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, "குணமாகிவிடும்" என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "கட்டுப்படும்" என்றார். இரண்டுக்கும் உள்ள தூரத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்.

இரத்தம் எடுக்கும் முன்பு பஞ்சையும் ஊசி உறையையும் அவன் முகர்ந்து முடிக்கும்வரை தரையில் உட்கார்ந்து காத்திருந்த உதவியாளருக்கும் நன்றி. வெளியே வரிசை நீண்டு நின்றது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மருந்து வலிப்பை அடக்கியது. கூடவே பசியைக் கிளப்பிவிட்டது. இந்த மாத்திரையின் குணமே அது: நாய்க்குப் பசியும் தாகமும் பெருகும். ஏற்கெனவே கிண்ணத்தின் மேல் கவிழ்ந்து நின்று உறுமுகிறவனுக்கு அகோரப் பசியும் சேர்ந்தால்? எரிகிற நெருப்பில் எண்ணெய். கிண்ணம் போய், காலிப் பையையும் காத்தான், சாப்பாடு வைத்திருந்த வெறும் தரையையும் காத்தான். நான் அதட்டினேன். என் வீட்டில் நான் போட்ட சோற்றுக்கு என்னையே உறுமுவதா என்ற ரோஷம் வேறு. நாய் வளர்க்க வந்த இடத்தில் ரோஷத்தைப் போல உதவாத பொருள் இல்லை.

அப்போதுதான் பயிற்றுநர் வந்தார். கால் மணி நேரம் எதுவும் பேசாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "உறுமல் அவன் உங்களுக்குச் செய்கிற உபகாரம். அதட்டி அதை நிறுத்தினீர்கள் என்றால், அடுத்த முறை சொல்லாமல் செய்வான்" என்றார். எட்டு அடி தள்ளி நின்று, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை அவன் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். நிற்கக் கூடாது, கொஞ்சக் கூடாது. ஆள் வந்தால் இருப்பது பறிபோகும் என்ற கணக்கை, ஆள் வந்தால் கூடுதலாக ஒன்று கிடைக்கும் என்று மாற்றுவதுதான் வேலை. அவன் விழுங்கும் வேகம் கூடினாலோ, உடம்பு கல்லானாலோ, கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தாலோ, நான் நெருங்கியது அதிகம் என்று பொருள். அடுத்த முறை ஓர் அடி பின்னே. ஒரு நாள் உணவை அளவு கூட்டாமல் நான்காகப் பிரித்தோம். ஒரு பங்கைப் பாயில் தூவி, மோந்து மோந்து தேட விட்டோம். எட்டு அடி, கிண்ணத்தைக் கடந்து நடக்கும் அளவுக்குக் குறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. என் கை ஒருநாளும் கிண்ணத்துக்குள் போகவில்லை. போக வேண்டிய தேவை என்ன என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வடிவ வாய்க்கூட்டையும் அவரே பழக்கினார். மூன்றாம் வாரம் கோணன் தானாக முகத்தை அதற்குள் நுழைத்தான். மருத்துவமனைப் பயணங்கள் அதன் பிறகு எல்லோருக்கும் எளிதாயின.

இந்தக் காலத்தில் காலை ஏழு, மாலை ஏழு என்ற மாத்திரைக் கணக்குக்காகத் தன் வேலை நேரத்தை எனக்காக மாற்றிக்கொண்ட அலுவலகத் தோழருக்கு நன்றி. ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி என் கதவில் ஒட்டிய "கோணன் சாப்பிடுகிறான், பிறகு வரவும்" என்ற அட்டைக்கு நன்றி. அதில் அவள் வரைந்திருந்தது பன்றி போல இருந்தது என்பதை இப்போது சொல்லலாம். பெயர் போடாமல் பணம் அனுப்பியவர்களுக்கு: ஈரல் பரிசோதனைகளும் மருந்தளவுச் சோதனைகளும் உங்கள் பணத்தில்தான் நடந்தன.

இனி மன்னிப்பு.

ஆறாம் மாதம் நான் களைத்திருந்தேன். தத்துக் கொடுக்க விளம்பரம் எழுதினேன். வலிப்பைப் பற்றி விரிவாகவே எழுதினேன். நோய் என்றால் மனிதர்களுக்கு இரக்கம் வரும். உறுமலைப் பற்றி எழுத மனம் வரவில்லை. உறுமல் என்றால் ஓடிவிடுவார்கள். "சாப்பிடும்போது தனிமையை விரும்புவான்" என்று எழுதினேன். ஏதோ கவிஞரைப் பற்றி எழுதுவதுபோல. அந்த வரியைப் படித்து, நம்பி, ஒரு பெண் அவனை அழைத்துக்கொண்டு போனார். ஒன்பதாம் நாள், தரையில் விழுந்த ஒரு துண்டை எடுக்கக் குனிந்தபோது அவர் கையைக் கடித்துவிட்டான்.

அவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகக் கால் மணி நேரம் கழுவி, மருத்துவரைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் எனக்குத் தொலைபேசியில் பேசினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "முன்பே சொல்லியிருந்தால் நான் குனிந்திருக்க மாட்டேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் அவனைக் கொண்டுவந்து விட்டபோது ஒரு தாளும் கொடுத்தார்: ஒன்பது நாளும் எப்போது உறுமினான், எவ்வளவு தள்ளி நின்றார், எதன் அருகில், எந்த அறையில். தைத்த கையோடு எழுதியிருந்தார். எனக்கு அந்தத் தாளை வாங்கக் கை கூசியது. அம்மணி, உங்கள் காயத்துக்குக் காரணம் நாய் அல்ல, என் வாக்கியம். அதைப் பலர் முன்னிலையில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடலில் எழுதுகிறேன்.

அன்று மாலை மருத்துவரும் பயிற்றுநரும் நானும் உட்கார்ந்து, கோணனை உயிரோடு வைத்திருப்பது சரியா என்றும் பேசினோம். அந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நினைத்திருந்தேன். கேட்டாக வேண்டிய கேள்வி அது. கால்நடை மருத்துவர் இயன் டன்பர் வகுத்த ஆறு படிநிலைக் கடி அளவுகோலில் இது மூன்றாம் படி: ஒரே கடி, பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்காத துளைகள். முன்பே எச்சரித்திருக்கிறான், எதற்காகக் கடித்தான் என்பதும் தெளிவு. இவனை நம்பி ஒரு வீட்டில் விடலாம், ஆனால் எந்த வீடு என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவானது. அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்தது அந்தப் பெண் எழுதிய தாள்.

இரண்டாவது விளம்பரத்தைப் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தார். "வலிப்பு உண்டு, ஆயுளுக்கும் மாத்திரை. உணவுக்கு உறுமுவான். ஒருமுறை கடித்திருக்கிறான். சிறு குழந்தைகளும் வேறு நாய்களும் இல்லாத வீடு வேண்டும்." முதல் விளம்பரத்துக்கு நாற்பது அழைப்புகள். இதற்கு மூன்று. இரண்டு பேர் விவரம் கேட்டுவிட்டு, தங்களால் முடியாது என்று நேர்மையாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் என் நன்றி. மூன்றாவதாக அழைத்த அக்காவும் அவர் கணவரும் கேட்ட முதல் கேள்வி: "இப்போது எத்தனை அடியில் இருக்கிறான்?"

ஆறு முறை வந்தார்கள். முதல் இரண்டு முறை அவனைத் தொடவே இல்லை. துண்டை எறிந்துவிட்டு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள், என் சமையலறையிலேயே. அவன் போர்வையையும் பாயையும் குறிப்பேட்டையும் வாங்கிக்கொண்டார்கள். ஆறாம் வாரம் அங்கே ஒரு வலிப்பு வந்தது. எனக்குச் செய்தி வந்தது மறுநாள்தான், குறிப்பேட்டுப் பக்கத்தின் புகைப்படமாக: "1 நிமிடம் 10 விநாடி. விளக்கை அணைத்தோம். பிறகு சுவரில் முட்டிக்கொண்டு சுற்றினான், அரை மணியில் தெளிந்தான். டாக்டரிடம் சொல்லியாயிற்று. உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று இரவில் சொல்லவில்லை." இப்போது 19 கிலோ. கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம் மருத்துவர்.

இரவல் வந்த பெரிய கூண்டு மடித்து என் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. கொடுத்தவர், அடுத்து யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். வேண்டுவோர் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன். கீழ்த் தாழ்ப்பாள் இறுகியிருக்கிறது. சற்று மேலே தூக்கி இழுத்தால் திறக்கும். வலது மூலையில் இரண்டு கம்பிகள் வளைந்திருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன்.